உப்பு சரியா, அக்கா?



சாம்பார் கொதிக்கும்போது கரண்டியில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கையில் விட்டு, "உப்பு சரியா பாருங்க" என்கிறோம். "கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று அவர் சொன்னால் நமக்குக் கோபம் வருவதில்லை. ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிசெய்துவிடுகிறோம். அடுப்பில் இருக்கும்போதே சொன்னாரே என்று மனசுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் நாம் ஆசையாய் எடுத்த ஒரு போட்டோவை ஒருவரிடம் நீட்டும்போது மட்டும் ஏன் அப்படி இல்லை? கேட்பவளுக்கும் பயம், சொல்பவருக்கும் பயம். "நல்லா இருக்கு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரேயடியாய்க் குத்திவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதை நான் ஒருத்தியின் மனசை நோகடித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை அந்தக் கதைதான்.

நான் உச்சிப்புளியில் இருக்கிறேன். பெரியவள் காலேஜுக்குப் போனபோது தன் பழைய காமிராவை வீட்டில் விட்டுப் போனாள். காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு, வேகும் நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் முருங்கைப் பூவையும் ஈரத்தரையில் கொத்தும் கோழியையும் எடுப்பேன். பிறகு ராமநாதபுரத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது தெரிந்து அங்கே போக ஆரம்பித்தேன. ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் தபால் இலாகா, இரண்டு பேர் மாணவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். யாருக்கும் இது பிழைப்பில்லை, ஆசைதான். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பேசுவோம்.

முதல் இரண்டு மாதம் எனக்கு "சூப்பர்க்கா"தான். மூன்றாவது மாதம் தனுஷ்கோடியில் எடுத்த படத்தைக் கொண்டுபோனேன். 1964 டிசம்பர் புயலில் இடிந்த மாதா கோயிலின் சுவர், பின்னால் கடல், மேலே சூரியோதயம். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து இவரையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போய் எடுத்தது. டிராயிங் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அம்மா, கடல் ஒரு பக்கமா வழியுதே. அது போகட்டும், இதுல நீங்க எதைக் காட்ட ஆசைப்பட்டீங்க? சுவரையா, சூரியனையா?"

எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது கண்ணில் தண்ணீர். இரண்டு வாரம் காமிராவைத் தொடவில்லை. ஒரு மத்தியானம் படத்தை எடுத்துப் பார்த்தேன். கடல் கோடு வலது பக்கம் சாய்ந்துதான் இருந்தது. சூரியனுக்கு நேர் எதிரே நின்று எடுத்ததால் சுவர் கரிக்கட்டை மாதிரி இருண்டிருந்தது. அந்தச் சுவரின் பவளக்கல்லைக் காட்டத்தான் எனக்கு ஆசை. அது ஒரு கல்கூடத் தெரியவில்லை! அவர் என்னைக் குறை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறார். மறுமுறை போனபோது சூரியன் கொஞ்சம் ஏறும்வரை பொறுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சுவரில் விழும்படி நின்று எடுத்தேன். ஒவ்வொரு கல்லும் பேசியது.

நாலு விஷயம் தெரிந்துவிட்டால் நாக்கு சும்மா இருக்குமா? என் தப்பு இங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு இளம் தாய் வருவாள். இரண்டு வயசுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓடிவருவாள். ஒரு நாள் ஒரு படம் கொண்டுவந்தாள். ஒரு வயசான அம்மாளின் மடியில் குழந்தை தூங்குகிறது. இருட்டான அறை, படம் லேசாய்க் கலங்கியிருந்தது. யாரும் வாய் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்: "போகஸ் இல்லை தங்கச்சி. கை ஆடியிருக்கு. வெளிச்சமே பத்தலை. பிளாஷ் போட்டிருக்கலாம்ல?"

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவள் "ஆமாக்கா" என்று சொல்லிப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அந்தச் சமயம் மகள் கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற அம்மாளைப் பற்றிப் படித்தேன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். நம்மைப் போல் பிள்ளை குட்டிகளோடு குடும்பம் நடத்தியவர். 1863-ல், 48-வது வயசில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூண்டை ஒழித்து அதையே ஸ்டூடியோ ஆக்கினார். கரி போட்டு வைக்கும் அறை, படம் கழுவும் இருட்டறை ஆயிற்று. வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் எடுத்தார், பெரிய கவிஞர்களையும் எடுத்தார்.

அந்தக் காலத்துப் போட்டோ பத்திரிகைக்காரர்கள் அவரை விட்டார்களா? போகஸ் இல்லை, தட்டில் கறை இருக்கிறது, கவனக்குறைவு என்று எழுதித் தீர்த்தார்கள். ஆனால் 1865-லேயே லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்கிறார்களே, அதுதான். இன்றைக்கு உலகமே அவர் படங்களைக் கொண்டாடுகிறது.

இதிலிருந்து "விமர்சகர்கள் எல்லாம் முட்டாள்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. கறையும் கீறலும் படத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மென்மையான கலங்கல் அவர் வேண்டுமென்றே வைத்தது. முகத்தின் உள்ளே இருப்பதைக் காட்ட நினைத்தார். கை தவறி வந்தது எது, மனசறிந்து வைத்தது எது என்று பிரித்துப் பார்க்காமலே அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதைத்தானே நானும் செய்தேன்!

இன்னொன்று தெரியுமா? அந்த அம்மாள் 1875-ல் கணவரோடு இலங்கைக்கு வந்து, அங்கே தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். நம் அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் 30 கிலோமீட்டர் போலத்தான். அதற்கு அப்பால் மலைநாட்டில் அவர் தூங்குகிறார் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ பக்கத்து ஊர்க்காரர் மாதிரித் தோன்றியது.

மறுநாளே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டு தாயீ" என்றேன். தயங்கித்தான் எடுத்துவந்தாள்.

"இது எங்கம்மாக்கா. ஆஸ்பத்திரில இருந்து இனிமே ஒண்ணும் இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் பிள்ளையை மடியில வாங்கினாங்க. பிளாஷ் போட்டா பிள்ளை முழிச்சிரும், அம்மாவும் கையை எடுத்துருவாங்கன்னு போடலை. நாலு நாள்ல போயிட்டாங்க."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தப் படத்தில் குழந்தையின் தலைமேல் இருந்த கையை நான் அன்று பார்க்கவே இல்லை. போகஸைத்தான் பார்த்தேன். "என்னை மன்னிச்சிரு தங்கச்சி, நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவள் "அதெல்லாம் இல்லைக்கா" என்றாள். ஆனால் உடனே சிரித்துவிடவில்லை.

கிளம்பும்போது அவளே கேட்டாள்: "இருட்டுல எப்படிக்கா ஆடாம எடுக்கிறது?" ஜன்னல் கதவு ஒன்றைத் திறந்து வைக்கச் சொன்னேன். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தச் சொன்னேன். மேஜைமேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் காமிராவை வைத்தாலும் போதும் என்றேன். அன்று கூட்டத்தில் சொல்ல வேண்டியது இதுதான். அதையும் அவள் கேட்ட பிறகு.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். படத்தை முதலில் டிராயிங் மாஸ்டரிடம்தான் காட்டுகிறாள், பிறகுதான் என்னிடம். அதுவும் நியாயம்தான்.

எனக்குக் கிடைத்த இன்னொரு அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். நோன்புக் காலத்தில் வீட்டில் பாலில் காய்ச்சுகிறோமே கடல்பாசி, அந்த மாதிரிச் சரக்கு இந்த மரிக்கொழுந்துப் பாசியில் இருந்தும் வருவதுதான். கரையேறிய ஒரு அக்காவை, முகத்தில் நீர் சொட்டச் சொட்ட எடுத்தேன். கூட்டத்தில் ஒரே பாராட்டு. பிரிண்ட் ஒன்றை அந்த அக்காவிடமே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா என் கையைக் காணோமே! பாறையில கிழிச்சிரும்னு விரலுக்கு விரல் துணி சுத்தியிருக்கேன். அதை எடுக்காம விட்டுட்டியே?"

மேஜையைச் சுற்றி இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றாத குறை. அதற்குப் பிறகு யாரைப் படம் எடுத்தாலும் முதல் பிரிண்ட் அவர்களுக்குத்தான். அவர்கள் வேண்டாம் என்றால் கூட்டத்துக்கு அது போகாது.

நம் நாட்டில் இப்படி ஆசைக்குப் படம் எடுப்பவர்கள் கூடிப் பேசுவது புதுசு இல்லை. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர் 1850-ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். மெட்ராஸ் போட்டோகிராபிக் சொஸைட்டி ஏற்பட்டதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் காலத்துப் போட்டிகளில் நடுவர்கள் ஒவ்வொரு படத்தையும் சில விநாடி பார்த்து மார்க் போடுகிறார்கள். போட்டிக்கு அது வேண்டும். ஆனால் ஏன் தேறவில்லை என்று மார்க் சொல்லாது. அதைச் சொல்ல மனுஷர்தான் வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

சொல்பவராக இருந்தால், முதலில் படத்தை ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள். "எதைக் காட்ட நினைச்சே?" என்று கேளுங்கள். பிடித்தது எது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். "நல்லா இருக்கு" என்பதைவிட "அந்தக் கை நல்லா இருக்கு" என்பது ஆயிரம் மடங்கு உபயோகம். பிறகு ஒரே ஒரு குறை, அதற்கு ஒரு வழி. பத்துக் குறையை ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் தங்காது. பலர் முன்னால் சொல்லலாமா, தனியே சொல்ல வேண்டுமா என்றும் யோசியுங்கள்.

கேட்பவராக இருந்தால், உடனே பதில் பேசாதீர்கள். "அன்னிக்கு மேகம் வந்துட்டது" என்று காரணம் அடுக்காதீர்கள். படம்தான் பேச வேண்டும், நாம் கூடவே போய்ப் பேச முடியாது. இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். சரி என்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். படாததைக் கருவேப்பிலை மாதிரி ஓரமாய் ஒதுக்கிவிடுங்கள், கோபம் வேண்டாம்.

காமிரா இல்லாத சகோதரிகளுக்கும் இது பொருந்தும். பிள்ளை ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால் "இது என்னடா, நாயா கழுதையா?" என்று கேட்காதீர்கள். "இதைப் பத்திச் சொல்லு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் கதை சொல்லும்!

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து இவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

"எந்த இடம்?" என்று கேட்டேன். மறுபடி முதலில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறார்.