வருமானம் மட்டும் ஆயுளை நிர்ணயிப்பதில்லை

பொருளாதாரம் வளர்ந்தால் மக்களின் உடல்நலம் தானாகவே மேம்படும் என்று ஆளும் வர்க்கங்கள் இடைவிடாது ஓதி வருகின்றன. வருமானத்திற்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 1930களுக்கும் 1960களுக்கும் இடையே உலகில் ஆயுட்காலம் உயர்ந்ததற்கு வருமான உயர்வு சிறுபகுதிக் காரணமே என்பதை, மக்கள்தொகையியல் அறிஞர் சாமுவேல் பிரெஸ்டன் 1975இல் எடுத்துக்காட்டினார். தடுப்பூசியும் நோய்க்கட்டுப்பாடுமே பெரும்பங்கு வகித்தன. அவற்றை யாரிடம் கொண்டு சேர்ப்பது என்பதோ முழுக்க முழுக்க அரசியல் கேள்வி.

1940களின் இறுதியில் இந்தியாவும் சீனாவும் ஏறத்தாழ ஒரே வறுமையில் உழன்றன. நிலச்சீர்திருத்தமும் கிராமப்புற 'வெறுங்கால் மருத்துவர்'களும் கண்ட சீனாவில், 1980 வாக்கில் சராசரி ஆயுள் 65ஐத் தாண்டியது. இந்தியா அப்போது 55ஐக்கூட எட்டவில்லை. சந்தைச் சீர்திருத்தங்களுக்குப் பின் சீனக் கிராமங்களில் கூட்டுறவு மருத்துவம் சிதைந்தபோது, ஏழை விவசாயிகள் சிகிச்சைக்காகக் கடனாளியானதும் இதே பாடத்தின் மறுபக்கம்.

நம் நாட்டுக்குள்ளேயே சான்று உண்டு. 1970களில் கேரளத்தின் தனிநபர் வருமானம் தேசிய சராசரிக்கும் கீழே இருந்தது. நிலச்சீர்திருத்தம், பெண்கல்வி, ஆரம்ப சுகாதார நிலையங்கள், சமூக சீர்திருத்த இயக்கங்கள் ஆகியவை அதன் பாதையை மாற்றின. 2020இல் 1000 பிறப்புகளுக்கு சிசு மரணம் கேரளத்தில் 6. அகில இந்திய அளவில் 28. மத்தியப் பிரதேசத்தில் 43. அதே கேரளத்தில் தனியார் மருத்துவமனைகள் பெருகி, மக்களின் சொந்தச் செலவு கூடுதலாக இருப்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. வென்றெடுத்ததைக் காக்கவும் போராட வேண்டும்.

பணம் செலுத்த இயலாததால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று 1946இலேயே போர் குழு கூறியது. 2025க்குள் பொது சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்திலேயே, அது 1.84 சதவீதம்தான். மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். இதற்கிடையே, மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் திட்டத்தை 2020இல் நிதி ஆயோக் முன்வைத்தது.

காப்பீட்டு அட்டை மருத்துவமனை ஆகிவிடாது. மருத்துவரும் மருந்தும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். ஆஷா ஊழியர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இக்கோரிக்கைகளையும் ஒவ்வொரு கிளையும் கையில் எடுக்க வேண்டும். ஒரு மாத நோய், ஓராண்டுக் கூலி உயர்வை விழுங்கிவிடுகிறது என்பதை உழைக்கும் மக்கள் தம் அனுபவத்தில் அறிவார்கள்.