பேப்பர் கட்டிங் சான்றாகாது

2024 பிப்ரவரித் திருத்தத்தில் ஐஎஸ்ஓ தரநிலைகளின் 4.1-ஆம் பிரிவில் சேர்த்தது ஒரே வரி: காலநிலை மாற்றம் தொடர்புடைய விஷயமா என்று நிறுவனம் தீர்மானிக்க வேண்டும். 9001, 14001, 45001 மூன்றுக்கும் உடனே அமல், அவகாசம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டை வெண்டர்கள் பலர் ‘ஆம்’ என்று எழுதி, 2015 சென்னை வெள்ளச் செய்தி ஒன்றின் நகலை ஃபைலில் சொருகிவிட்டார்கள். ஆடிட்டரும் டிக் அடித்துவிட்டுப் போகிறார். இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தச் செய்திகளை இன்று எடுத்துப் படித்துப் பாருங்கள். பாரிஸ் மாநாடு நடந்த அதே வாரம். வெள்ளத்துக்குக் காரணம் காலநிலை மாற்றமா, செம்பரம்பாக்கம் ஏரி திறப்பா என்று பட்டிமன்றம் வைத்தார்கள், இரண்டில் ஒன்றுதான் உண்மை என்பது போல. டிசம்பர் 1 மழையில் புவி வெப்பமாதலின் தடயம் பிடிபடவில்லை என்று காலநிலை ஆய்வாளர் வான் ஓல்டன்போர்க்கின் குழு 2016-இல் எழுதியது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி நாற்பது ஆண்டுகளாகச் சூடேறாததைக் காரணமாகச் சுட்டியது. ஒரு மழையைப் பற்றிய முடிவு அது. தலைப்புக்குப் போனதும் காலநிலை மாற்றமே இல்லை என்பதாகிவிடுகிறது.

செம்பரம்பாக்கம் திறப்பு பற்றி 2018-இல் அரசுக் கணக்குத் தணிக்கை (சிஏஜி) அறிக்கை வந்தது: வினாடிக்கு 29,000 கன அடி, தொடர்ந்து 21 மணி நேரம், மனிதர் உண்டாக்கிய பேரிடர். பத்திரிகைகள் தீர்ப்பை எடுத்துக்கொண்டன. நமக்கு வேண்டியவை எண்கள்.

செம்பரம்பாக்கத்தின் மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. நம் பேட்டைக்கு மேலே இருக்கும் சிறு ஏரிகளின் கதை என்ன? எதன் கலங்கல் எத்தனை மணிக்கு வழிந்தது? நைட் ஷிப்டில் பேனல் ரூம் வாசலில் தண்ணீர் ஏறும்போது, மெயினை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த நேரம்தான் வேண்டும். அரசு அலுவலகங்களில் ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு மேசையில் ‘எங்கள் எல்லையில் வராது’. அடுத்ததில் ‘கடிதம் கொடுங்கள்’. பதில் வருவதற்குள் அடுத்த வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. நிலத்துக்கும் பராமரிப்புக்கும் பில் மட்டும் தேதி தவறுவதில்லை. ஏரிக் கணக்கு என்ன ராணுவ ரகசியமா?

அடுத்த சர்வெய்லன்ஸ் ஆடிட்டுக்கு முன் அந்தக் கட்டிங்கை எடுத்துவிடுங்கள். ஸ்டோர்ஸ் சுவரில் 2015, 2023 டிசம்பர் தண்ணீர்க் கறை இருந்தால் டேப் வைத்து அளந்து, பேனல் அடிமட்டத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். மேல் ஏரிகளின் மட்டத்தைக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலையும் 4.1-இலேயே வையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் தேதியோடு பதிவு செய்யுங்கள்.