கணிப்பொறி வந்தபின் நின்ற ஏடு எது?

ஒரு நிறுவனம் முதலில் தன் நோக்கத்தை வகுத்துக்கொண்டு, பின்னர் அதற்கேற்ற கருவியைத் தேடுவதே முறை. கணிப்பொறியைப் பொறுத்தமட்டில் இம்முறை பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது. கருவி முன்னே வருகிறது. அதனால் ஆகவேண்டிய காரியம் யாதென்பது பின்னர் ஆராயப்படுகிறது. தகவல் தொழில்நுட்பமும் நிறுவனத்தின் தொழில் திட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்று மேலாண்மை அறிஞர் வற்புறுத்துவது இதனால்தான். ஜான் ஹெண்டர்சன், என். வெங்கட்ராமன் ஆகிய இருவரும் 1993-ல் இதனை விரிவாக வகுத்துரைத்தனர். இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், மோட்டார் பட்டறையில் சக்கரங்களை நேர்ப்படுத்துவதற்கும் வழங்குகிறது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே பழுதற்றிருப்பினும், அவை நேர்படாவிடின் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்; டயரும் விரைவில் தேயும்.

இதை விளக்கத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவே போதும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த இத்தெரு கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே தொழில் நடத்தி வருகின்றனர். அன்றாட ரொக்கத்துக்குப் பூ விற்பவருக்குப் பெரிய கணக்கு வேண்டுவதில்லை; 2016-ல் தோன்றிய யுபிஐ முறையின் கியூஆர் அட்டை ஒன்று அவருக்குப் போதும். கிராமத்துக் கடைகளுக்குக் கடனாகச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கோ அந்த அட்டையால் மட்டும் பயன் மிகுதியில்லை. இருப்பு எவ்வளவு, நிலுவை யாரிடம் என்பனவே அவருக்கு முதன்மை. 2018 ஏப்ரல் முதல், மாநில எல்லை கடந்து வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக மின்வழிச் சீட்டு வேண்டும். இதனை வரித்துறைக்கான சுமையாக மட்டும் கொள்ளும் வணிகர், ஒரு பதிவைச் செய்து ஒரு பயனையே பெறுகிறார். அதே பதிவை இருப்புக்கும் நிலுவைக்கும் பயன்படுத்துபவர் மூன்று பயன்களைப் பெறுகிறார். கருவி இருவருக்கும் ஒன்றே, நோக்கமே வேறு.

அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். இதே திருவனந்தபுரத்தில் 2000-ஆம் ஆண்டு கேரள அரசு 'பிரெண்ட்ஸ்' ஜனசேவன கேந்திரத்தைத் திறந்தது. மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், வரிகள், பல்கலைக்கழகக் கட்டணம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு வரிசைகளில் நின்ற குடிமக்கள், அவற்றை ஒரே இடத்தில் செலுத்த முடிந்தது. துறைகள் அனைத்தும் கணிப்பொறிமயமாகட்டும் என்று அரசு காத்திருக்கவில்லை. செலுத்தப்பட்ட தொகைகளின் விவரம் அச்சிட்ட பட்டியலாக அந்தந்தத் துறைக்குச் சென்றது. இதனை அரைகுறைத் தொழில்நுட்பம் என்று குறைகூறுவோர் உண்டு. அக்கூற்றுடன் நான் முழுவதும் உடன்படேன். குடிமக்களின் காத்திருப்பைக் குறைப்பதே நோக்கமாயின், அந்நோக்கம் அந்த எளிய ஏற்பாட்டாலேயே நிறைவேறியது. ஆயினும் சாளரத்தின் முன்புறம் மாறிப் பின்புறம் மாறாதிருப்பது முதற்படியாக மட்டுமே இருக்கலாம், அதுவே முடிவாகிவிடலாகாது.

பின்புறத்தையும் மாற்றியதற்கு இந்திய ரயில்வே நல்ல எடுத்துக்காட்டாகும். முன்னர் இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்றிருந்தது. அவ்வண்டியின் ஏடு அச்சாளரத்திலேயே இருந்தமையே காரணம். 1985-ல் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியபின், எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறும் நிலை உண்டாயிற்று. பழைய ஏட்டைக் கணிப்பொறியில் படியெடுத்ததால் மட்டும் இது கைகூடவில்லை. ஏடு நின்றது, வேலைமுறையும் மாறியது.

இவ்வுண்மை கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. 1882-ல் எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் நிறுவிய பிறகும், அமெரிக்கத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் பெரும் பயன் காணவில்லை. நீராவி எந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்துவிட்டுப் பழைய தண்டுகளையும் பட்டைகளையும் அப்படியே ஓட்டியதே இதற்குக் காரணம். ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, ஆலையின் அமைப்பையே மாற்றியபின், 1920-களில்தான் உற்பத்தித்திறன் வேகமாக உயர்ந்தது. பொருளியலறிஞர் பால் டேவிட் 1990-ல் இவ்வரலாற்றைக் கணிப்பொறியோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. ஒரே எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஒருமுறை எழுதி, கைபேசியில் ஒருமுறை பதிந்து, மாத அறிக்கையில் மீண்டும் ஒருமுறை நிரப்பும் அனுபவம் பலருக்கும் உண்டு. அங்கே கணிப்பொறி பழைய வேலையை அகற்றவில்லை. புதிய வேலை ஒன்றைச் சேர்த்தது. வயலில் நிற்கவேண்டிய நேரமும் வகுப்பில் கற்பிக்கவேண்டிய நேரமும் அதற்கு விலையாகின்றன.

பதிவேட்டை விட்டுவிட்டால் மின்சாரம் தடைப்படும்போதும் தணிக்கையின்போதும் என் செய்வது என்று கேட்பர். நியாயமான கேள்வியே. புதுமுறை நிலைபெறும் வரை இரண்டையும் சேர்த்து நடத்துவது விவேகம். ஆனால் அக்காலத்துக்கு ஒரு முடிவுநாள் எழுத்தில் குறிக்கப்பட வேண்டும். அதன்பின் பாதுகாப்புக்குத் தேவை மறுபிரதியே. மறுமுறை கையால் எழுதுவதன்று.

ஆகவே, புதிய கணிப்பொறித் திட்டம் எதுவாயினும், அதன் ஆணையிலேயே மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து: யாருடைய எந்தக் கஷ்டம் இதனால் நீங்கும், எந்த ஏடு, எந்த நாளில் நிறுத்தப்படும், பதிவு செய்வோரின் யோசனை கேட்கப்பட்டதா? மூன்றாவதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கருவியின் விலையை அறிந்தோர் தலைமையகத்தில் இருக்கலாம். அதன் சுமையை அறிந்தோர் களத்தில் இருக்கின்றனர். இருவரும் கலந்து பேசி வகுக்கும் திட்டமே நேர்ப்படும். மற்றவற்றில் டயர் தேய்வது கள ஊழியரின் உழைப்பிலேயே.