விளக்கேற்றும் கை, கையொப்பமிடும் கை

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சாலை நெரிசலில் சிக்கி வீடு வந்து சேர்ந்த அம்மா, கைப்பையை இறக்கிய கையோடு சாமி மேடைக்கு வருகிறார். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைக்கிறார். திரியைத் தூண்டுகிறார். கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளை அதட்டிக் கூப்பிட்டுத் திருநீறு பூசிவிடுகிறார். நாலு வீடு தள்ளி இன்னொரு தாய், ஞாயிறு பள்ளிக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய வசனத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சாமி வேறு, வேலை ஒன்று. நம் தாமான்களில் பக்தி பரம்பரையாக இறங்கி வருகிறது என்றால், அது பெண்கள் தோளில் ஏறித்தான் வருகிறது.

அந்த மதமே ஒரு தாளாக, பதிவாக, சான்றிதழாக மாறும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். விளக்கேற்றிய கையை அங்கே காணோம். கையொப்பமிடும் கை வேறொன்றாக இருக்கிறது. இது அநீதி என்பதே இத்தலையங்கத்தின் தீர்ப்பு. அந்த அநீதியை ஒரு மதத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கை கழுவ முடியாது என்பதும் அதே தீர்ப்பின் பகுதி.

நாடறிந்த வழக்கிலிருந்து தொடங்குவோம். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தி. 2009 மார்ச்சில் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் மூன்று பிள்ளைகளும் மதம் மாறியதாகச் சான்றிதழ்கள் வந்தன. மூத்தவளுக்கு 12 வயது, மகனுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு 11 மாதம். பிள்ளைகள் எந்த அலுவலகத்திலும் முன்னிலையாகவில்லை. தாயிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால்குடி மறக்காத அந்தக் கடைக்குட்டியைத் தகப்பன் தூக்கிச் சென்றார்.

அதன்பின் அந்தத் தாய் ஏறி இறங்காத படி இல்லை. 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 2018 ஜனவரி 29ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் அடங்கிய கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. பிள்ளையை மதம் மாற்றத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையை உயர் நீதிமன்றம் 2010இலேயே அவருக்கு வழங்கியிருந்தது. தகப்பனைக் கைது செய்யும்படி 2016இல் கூட்டரசு நீதிமன்றமே காவல்துறைக்கு உத்தரவிட்டது. இத்தனை உத்தரவுகளும் தாளில் இருக்கின்றன. பிள்ளை மட்டும் தாய் மடிக்குத் திரும்பவில்லை. மடியிலிருந்து போன குழந்தை தாயின் முகம் தெரியாமலே பருவப் பெண்ணாக வளர்ந்துவிட்டாள்.

இந்திரா தனியாள் இல்லை. சிரம்பானைச் சேர்ந்த எஸ். தீபாவின் வழக்கில், 2016 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தகப்பனிடமும் பிரித்துக் கொடுத்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த இந்துத் தாய் லோ சியூ ஹோங்கின் மூன்று பிள்ளைகள் 2020இல் பெர்லிஸில் மதம் மாற்றப்பட்டார்கள். 2022 பிப்ரவரியில்தான் அவர்கள் தாயிடம் திரும்பினார்கள். அந்த மதமாற்றம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. பெர்லிஸ் மாநிலம் 2016இல் தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. 'தாயும் தகப்பனும்' என்றிருந்த இடத்தில் 'தாய் அல்லது தகப்பன்' என்று எழுதியது. மலாயில் 'டான்' போய் 'அத்தாவ்' வந்தது. ஒரு குடும்பம் உடைய இந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

இந்த வழக்குகளை இஸ்லாத்துக்கும் இந்து சமயத்துக்கும் நடக்கும் போட்டியாகப் பார்ப்பவர்கள் பிரச்சினையைத் தவறவிடுகிறார்கள். கேள்வி மிகச் சாதாரணமானது: ஒரு வீட்டின் நம்பிக்கையைப் பற்றிய முடிவில் தாய்க்குச் சொல் உண்டா, இல்லையா? இந்தக் கேள்வியின் முன் நிறுத்தினால் பல சமயங்கள் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பிறந்த ஒரு சபையைப் பாருங்கள். உலகம் மோர்மன் என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அது. ஜோசப் ஸ்மித் 1830இல் நிறுவினார். மார்பில் பெயர்ப்பட்டையோடு இருவர் இருவராக நடக்கும் அதன் இளம் ஊழியர்களைப் பல நாட்டு நகரங்களில் காணலாம். குடும்பமே சொர்க்கத்தின் அடித்தளம் என்பது அவர்கள் போதனை. திருமணம் இந்தப் பிறவியோடு முடிவதில்லை, கோவிலில் 'முத்திரையிட்டால்' என்றென்றைக்கும் தொடரும் என்று நம்புகிறார்கள். வாரத்தில் ஒரு மாலையை, வழக்கமாகத் திங்கட்கிழமையை, குடும்பத்துக்கென்றே ஒதுக்குகிறார்கள். அப்பாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடி, பேசி, ஜெபிக்க வேண்டும். சமயப் பாடத்தை அம்மா தலையில் கட்டிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் சாயும் நம் ஊர் அப்பாக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வழக்கம் அது.

சம்மத விஷயத்திலும் அவர்கள் விதி தெளிவு. திருமணமான ஒருவர் ஞானஸ்நானம் பெறத் துணையின் சம்மதம் வேண்டும். வயது வராத பிள்ளைக்கு, அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நம் நாட்டில் ஒரு தாய் ஒன்பது ஆண்டு வழக்காடிப் பெற்ற நியாயம் அங்கே சாதாரண நடைமுறை.

அதே சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பையனுக்கு அது கிடைக்கிறது. அவனுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்த தாய்க்கு எண்பது வயதானாலும் கிடையாது. 1842 மார்ச் 17ஆம் தேதி எம்மா ஸ்மித்தைத் தலைவியாகக் கொண்டு தொடங்கிய அவர்களுடைய மாதர் சங்கம், உலகின் பழைய மகளிர் அமைப்புகளில் ஒன்று. ஏழைக்கு உணவு, நோயாளிக்குத் துணை, பேறுகாலத்துக்கு ஆள் என்று சபையின் பாதிச் சுமையை அது தூக்குகிறது. ஆனாலும் அது ஆண்களின் தலைமைக்குக் கீழேதான். 1870இல், அமெரிக்க நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற ஐம்பது ஆண்டுக்கு முன்பே, அந்தச் சபையினர் நிறைந்த யூட்டாவின் பெண்கள் வாக்களித்தார்கள். 1887இல் நாடாளுமன்றம் பறித்ததை 1896இல் திரும்பவும் பெற்றார்கள். ஊர்த் தேர்தலில் முந்திக்கொண்ட அந்தப் பெண்களின் பேத்திகள், சபைக்குள் கேள்வி கேட்டபோது வெளியேற்றப்பட்டார்கள். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்த சோனியா ஜான்சன் 1979இல் நீக்கப்பட்டார். பெண்களுக்கும் குருத்துவம் கேட்ட கேட் கெல்லி 2014இல் நீக்கப்பட்டார்.

இன்னொன்று. அவர்களுடைய கோவில் திருமணத்துக்குள் சபையின் அனுமதிச் சீட்டு உள்ளவர்களே நுழைய முடியும். புதிதாகச் சேர்ந்த மணப்பெண்ணின் தாய், பெற்று வளர்த்த மகளின் திருமணத்தைக் காண முடியாமல் வாசலில் நிற்பார். ஊரறியத் தனியாகத் திருமணம் செய்துகொண்டால் கோவில் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்தது. 2019 மே மாதத்தில்தான் அந்தக் காத்திருப்பு நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாகப் பெண்களும் நிற்கலாம் என்றார்கள். சாட்சியாக நிற்பதற்கே ஏறத்தாழ 190 ஆண்டு ஆயிற்று. தங்கள் நிலை தங்களுக்கு நிறைவே என்று சொல்லும் மோர்மன் பெண்கள் ஏராளம். அவர்கள் சொல்லை நாம் மதிக்க வேண்டும். நிறைவோடு இருப்பவளுக்கும் கேள்வி கேட்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். கேட்டவளை வெளியே தள்ளும் எந்தச் சபையும், குடும்பத்தின் பெயரால் பேசும் தகுதியில் பாதியை இழக்கிறது.

இதைப் படித்துவிட்டு 'பாவம் மோர்மன் பெண்கள்' என்று உச்சுக்கொட்டுவதற்கு முன், நம் வீட்டுக் கூடத்தைப் பார்ப்போம். தாலி ஏறிய அன்றே பெண்ணின் குலதெய்வம் மாறிவிடுகிறது. பிறந்த வீட்டில் இருபத்தைந்து ஆண்டு கும்பிட்ட சாமி இனி அவளுக்கு 'அம்மா வீட்டுச் சாமி'. 'உனக்குச் சம்மதமா?' என்று அவளிடம் கேட்டவர் யார்? காதலித்தவன் கிறிஸ்தவன் என்றால் மகளை அடியோடு தலைமுழுகும் குடும்பங்கள், அதே நிலையில் மகன் இருந்தால் 'மருமகள் நம் வழிக்கு வரட்டும்' என்று பேரம் பேசுகின்றன. நம் கோவில்களில் பால்குடம் எடுப்பதும், கோலம் போடுவதும், அன்னதானத்துக்கு விடியற்காலையில் காய் நறுக்குவதும் பெண்கள். பல கோவில்களின் நிர்வாகக் கூட்டத்தில் வரிசையாக அமர்ந்திருப்பது ஆண்கள். மகளிர் பகுதி என்று ஒன்று இருக்கும். அதன் வேலை பெரும்பாலும் சமையல்கட்டில் முடியும். வங்கிக் காசோலையில் கையொப்பமிடும் மூவரில் ஒரு பெண்ணைத் தேடிப் பாருங்கள். கடைவீட்டு மாடிகளில் இயங்கும் நம் தமிழ்ச் சபைகளிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சட்டம் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. முஸ்லிம் அல்லாதவரின் பிள்ளைக்குத் தகப்பனே பாதுகாவலர் என்ற நிலையை மாற்றி, தாய்க்கும் சம உரிமை தந்த திருத்தம் 1999இல்தான் வந்தது. நாடு விடுதலையடைந்து நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து! திருமணப் பதிவேட்டில் இரண்டு கையொப்பம் கேட்கும் அரசு, பிள்ளையின் மதத்துக்கு ஒன்று போதும் என்றிருந்தது வேடிக்கை இல்லை, கொடுமை. பிள்ளைகள் பெற்றோர் மணம் புரிந்தபோதிருந்த மதத்திலேயே வளர வேண்டும் என்று 2009 ஏப்ரலில் அமைச்சரவை சொன்னது. அதைச் சட்டமாக்கத் திருமணச் சட்டத் திருத்த மசோதாவில் இருந்த 88ஏ பிரிவை 2017 ஆகஸ்டில் அரசே மீட்டுக்கொண்டது. திருத்தச் சட்டம் நிறைவேறியது. தாய்மார்களுக்கு வேண்டிய பிரிவு மட்டும் அதில் இல்லை.

ஆகவே நாம் சொல்ல வேண்டியதைத் தயங்காமல் சொல்கிறோம். மதம் மாறுவது குற்றமில்லை. துணைக்குத் தெரியாமல் பிள்ளையை இழுத்துச் செல்வது குற்றம், எந்தச் சாமியின் பெயரால் செய்தாலும். நீதிமன்றத் தீர்ப்பு இருந்தும் இந்திராவின் கடைக்குட்டியைக் கண்டுபிடிக்காத காவல்துறை கடமை தவறியிருக்கிறது. அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, நலமாக இருக்கிறாள் என்ற செய்தியையாவது தாயிடம் சேர்ப்பது காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் கடன். அவள் எந்த மதத்தில் இருக்க விரும்புகிறாள் என்பதை அவளே சொல்லட்டும். அரசு, கைவிட்ட அந்தப் பிரிவை மீண்டும் மன்றத்தில் வைக்க வேண்டும். தீர்ப்புக்கு முரணாக மாநிலச் சட்டங்களில் இருக்கும் 'அல்லது' நீங்க வேண்டும்.

அரசிடம் கேட்பதை நம்மிடமும் கேட்க வேண்டும். ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் கோவில், சபை நிர்வாகங்கள் அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடட்டும்: காசோலையில் கையொப்பமிடும் பொறுப்பில் ஒரு பெண்ணாவது இருப்பார். அந்தத் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்குபவர், இந்திரா காந்திக்காகக் கண்ணீர் வடிக்கும் உரிமையை அன்றோடு விட்டுவிடட்டும்.