சிப்பாய் எந்த எல்லையில் நின்றாலும் அவர் ஊர் பொதட்டூர்பேட்டைதான்!

"பையனுக்கு ராஜஸ்தான்ல டியூட்டி. ஃபார்ம் 16-ல வேற ஊர் அட்ரஸ் இருக்கு. வருமான வரிக் கணக்கை எந்த மாநிலத்துல தாக்கல் பண்றது?"

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் ராணுவத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போ கேட்கிற கேள்வி இது. தறி ஓட்டிப் படிக்க வைத்த அப்பா, அம்மாவுக்கு இதைத் தெளிவா சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளா நாம இருக்கணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பதில். வருமான வரிக்கு மாநிலம் கிடையாது. அது ஒன்றிய அரசின் வரி. காஷ்மீரில் நின்றாலும் அந்தமானில் நின்றாலும் ஒரே விகிதம், ஒரே இணையதளம். ஃபார்ம் 16-ல் இருப்பது சம்பளமோ பென்ஷனோ கொடுக்கும் அலுவலகத்தின் முகவரி. ஸ்பர்ஷ் மூலம் பென்ஷன் வாங்குபவருக்கு பிரயாக்ராஜ் என்று இருக்கும். அதுக்காக யாரும் பிரயாக்ராஜுக்கு ரயில் ஏற வேண்டாம். பொதட்டூர்பேட்டை வீட்டு முகவரியைப் போட்டு இங்கிருந்தே தாக்கல் செய்யலாம்.

அமெரிக்காவில் கதை வேற. அங்கே பல மாநிலங்கள் தனியா வருமான வரி போடும். டெக்சாஸ், புளோரிடா போன்றவை போடாது. வேலை நிமித்தம் மாநிலம் மாநிலமாப் போகும் படைவீரரை ஒவ்வொரு மாநிலமும் பிடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. சொந்த மாநிலம் எதுவோ அதுவே அவருக்கு மாநிலம். 2009-ல் அந்தப் பாதுகாப்பை வாழ்க்கைத்துணைக்கும் நீட்டினார்கள். நாட்டுக்காக வெளியூர் போனவன் தன் ஊரை இழக்கக் கூடாது என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயம் நமக்கும் வேணும். நம்ம ஊரில் அது வரியில் இடிக்காது. ஓட்டிலும் சான்றிதழிலும் இடிக்கும். அதுக்கு வருவோம்.

கணக்கு தாக்கல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. 2024-25 நிதியாண்டுக் கணக்குக்குக் கடைசி தேதி ஜூலை 31-லிருந்து 2025 செப்டம்பர் 15-க்கும், பிறகு செப்டம்பர் 16-க்கும் தள்ளிப் போச்சு. தாமதமானா 5,000 ரூபாய் வரை கட்டணம்.

2. "12 லட்சம் வரை வரி இல்லையே" என்று சும்மா இருக்காதீங்க. அது 2025-26 வருமானத்திலிருந்துதான். 2024-25 கணக்கில், புதிய முறைப்படி 7 லட்சம் வரைதான் வரி இல்லாமல் இருந்தது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்தா 7.75 லட்சம். வரி இல்லைன்னாலும், அந்த வருஷ வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினா கணக்கு கொடுத்தே ஆகணும்னு இருந்தது.

3. தாக்கல் செய்த 30 நாளுக்குள் இணையத்தில் சரிபார்ப்பு முடிக்கணும். அது இல்லைன்னா கணக்கே செல்லாது.

4. "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், கமிஷன் கொடு" என்கிற ஏஜென்ட்டை வாசலிலேயே அனுப்பிடுங்க. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை போலிக் கழிவு விவகாரத்தில் 150 இடங்களில் சோதனை போட்டது. தமிழ்நாடும் அதில் உண்டு. போலி வாடகை, போலி மருத்துவக் காப்பீடு மட்டுமில்லை, அரசியல் கட்சி நன்கொடை என்ற பேரிலும் ஏமாற்றியிருக்காங்க. அதனால் வெளிப்படையாவே சொல்றோம்: கொடுக்காத நன்கொடைக்கு நம்ம கட்சி பேரில் யார் ரசீது நீட்டினாலும் அது திருட்டு. மாட்டுவது ஏஜென்ட் இல்லை, கையெழுத்துப் போட்ட சிப்பாய்.

இப்போ ஒன்றிய அரசிடம் நாம கேட்க வேண்டிய கேள்வி.

சியாச்சின் பனியில் நிற்கும் ஜவானுக்கு 2017-ல் மாதம் 30,000 ரூபாய் படி என்று உயர்த்தினாங்க. 2024-25 கணக்கில் பழைய வரிமுறையில் சியாச்சின் பகுதிக்கு விலக்கு மாதம் 7,000 ரூபாய் வரைதான். களப்பகுதிப் படிக்கு 2,600. படி ஏறிச்சு, விலக்கு வரம்பு அங்கேயே உறைஞ்சு நின்னது. புதிய முறைக்கு மாறினா அந்த 7,000-மும் இல்லை. உயிரைப் பணயம் வைத்து வாங்கும் படியே ஒருவரை 7 லட்சக் கோட்டுக்கு மேலே தள்ளி வரி கட்ட வைத்தது. 2025-26-ல் 12 லட்சம் வரம்பு வந்ததும் பல ஜவான்களுக்குச் சுமை குறைஞ்சது, உண்மைதான். ஆனா படிகளைச் சேர்த்து அதையும் தாண்டும் மூத்த வீரர்களுக்கு என்ன பதில்? ஆபத்துக்குக் கொடுக்கும் படிக்கு, எந்த முறையானாலும், முழு விலக்கு வேணும். இதுதான் நம்ம கோரிக்கை.

உடல் ஊனத்துக்கான பென்ஷன் விஷயமும் அப்படித்தான். 2019 ஜூன் 24 சுற்றறிக்கையில், ஊனத்தால் பணியிலிருந்து அனுப்பப்பட்டவருக்கு மட்டுமே வரிவிலக்கு என்றார்கள். அடிபட்ட பிறகும் பணியை முழுசா முடித்து ஓய்வு பெற்றவருக்கு இல்லையாம். அடிபட்டும் நின்று வேலை பார்த்ததுக்கு இதுவா பரிசு?

அடுத்து, சொந்த ஊர் என்ற உரிமை.

திருத்தணி தொகுதி வாக்காளர் பட்டியலில் நம்ம வீரர்கள் எத்தனை பேர் இருக்காங்க? ராணுவத்தில் இருப்பவர் எங்கே பணியில் இருந்தாலும், படிவம் 2 கொடுத்து சொந்த ஊரிலேயே பணி வாக்காளரா சேரலாம். கூட வசிக்கும் வாழ்க்கைத்துணையும் சேரலாம். 18 வயசான பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. அவங்க பொதுப் பட்டியலில்தான் சேரணும். வாக்குச்சீட்டு மின்னணு வழியில் வரும். அச்செடுத்து, வாக்கைப் பதித்து, தபாலில் அனுப்பணும். வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேரணும்.

பிள்ளைகள் படிப்பு இன்னும் பெரிய கவலை. அப்பாவோடு ஊர் ஊராப் போய் கேந்திரிய வித்யாலயாவில் படித்த பெண், மருத்துவக் கலந்தாய்வில் தமிழ்நாட்டுக்காரி என்று நிரூபிக்க பிறப்பிடச் சான்றிதழ் காட்டணும். அதைக் கடைசி வாரத்தில் தேடி அலையக் கூடாது. பிளஸ் ஒன் படிக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்க. பெற்றோரின் சான்றுகளையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க. படைவீரர் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு வட்டாட்சியர் அலுவலகங்கள் முன்னுரிமை தரணும்னு மாநில அரசையும் கேட்கிறோம்.

"நீ எந்த மாநிலம்?" என்ற கேள்வியின் வலி நம்ம மண்ணுக்குத் தெரியும். சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்த திருத்தணி வட்டாரம், ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் இந்தப் பக்கம் வந்தது. ஊரையே மீட்ட மண்ணு இது. அந்த ஊரின் பிள்ளை எல்லையில் நிற்கும்போது, இங்கே அவன் பேர் பட்டியலில் இல்லாமல் போகலாமா?

தோழர்களே, ஒவ்வொரு வார்டிலும் படைவீரர் வீடு, முன்னாள் படைவீரர் வீடு, வீரரை இழந்த குடும்பம் எல்லாத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்க. வரிக்கணக்கு போட்டாச்சா, ஓட்டு இருக்கா, சான்றிதழ் இருக்கா என்று மூணு கேள்வி கேளுங்க. பென்ஷன், நலத்திட்டச் சிக்கல் இருந்தா திருவள்ளூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடவே போங்க. எந்தக் கட்சி வீடுன்னு பார்க்காதீங்க.

எல்லையில் அவர் நிற்கிறார். அவர் வீட்டு வாசலில் நாம நிற்போம்!

#சிப்பாய்க்கும்_ஊர்_உண்டு
#ஆபத்துப்_படிக்கு_வரி_வேண்டாம்