திறக்கத் தெரிந்தால் போதுமா?

ப்ராஜெக்டுக்கு நெட்வொர்க் கார்டு டிரைவர் எழுதுகிறவர்கள் வைவாவில் காட்டுவது ஒன்றுதான். கார்டு எழுந்திருக்கும், பிங் போகும், எல்லோரும் கை தட்டுவார்கள். "சரி, இப்போது இறக்கிக் காட்டு" என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி மதிப்பெண்ணை அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஏன்? கார்டை இயக்கும்போது டிரைவர் ஒவ்வொரு க்யூவுக்கும் மெமரியில் ஒரு ரிங் அமைக்கிறது. ரிசீவ் ரிங்கின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பஃபரின் முகவரி இருக்கும். பாக்கெட் வந்தால் கார்டு சிபியுவைக் கேட்காமல், டிஎம்ஏ மூலம் நேராக அங்கே எழுதிவிடும். 256 கட்டம், கட்டத்துக்கு 2048 பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு க்யூவுக்கு 512 கேபி. எட்டு க்யூ என்றால் 4 எம்பி. மூடும்போது விடுவிக்காமல் விட்டால், 100 முறை ஏற்றி இறக்கியதும் 400 எம்பி காலி!

மறப்பதாவது பரவாயில்லை. அவசரப்பட்டு முன்கூட்டியே விடுவிப்பதுதான் பெரிய ஆபத்து. பந்தியில் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுக்கிற கதை. மெமரி கைமாறியது கார்டுக்குத் தெரியாது. அடுத்த பாக்கெட்டை அதே முகவரியில் எழுதும். அங்கே இப்போது வேறு யாருடைய டேட்டாவோ இருக்கும். மெஷின் எங்கேயோ எப்போதோ விழும், டிரைவர் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. ஐஓஎம்எம்யூ இருந்தால் தடுக்கலாம். ஆனால் எல்லா மெஷினிலும் அது இயங்குவதில்லை.

லினக்ஸில் இன்டெல்லின் இ1000 டிரைவரைத் திறந்து பாருங்கள். மூடும்போது முதலில் ஹார்டுவேரில் ரிசீவை நிறுத்துகிறது. கெர்னல் புதிதாகப் பாக்கெட் தருவதை நிறுத்துகிறது. பிறகு டிரான்ஸ்மிட்டையும் நிறுத்திவிட்டு 10 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. அடுத்து நாப்பி போலிங், இன்டரப்ட் இரண்டையும் அணைக்கிறது. அதன் பிறகுதான் பஃபர்களைத் தொடுகிறது. ரிங்குக்கான மெமரியை விடுவது கடைசியில். திறக்கும்போது இன்டரப்ட் கிடைக்காமல் போனால்கூட, வாங்கியதைத் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறுகிறது.

"2007-ல் 2.6.21 கெர்னலிலேயே டெவ்ரெஸ் வந்துவிட்டதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். டிரைவர் கழலும்போது அது வரிசையாக விடுவிக்கும், உண்மைதான். ஆனால் கார்டின் டிஎம்ஏவை அது நிறுத்தாது. தவிர, இன்டர்ஃபேஸை இறக்கும்போது டிரைவர் கழல்வதே இல்லை. ரிங்கை விடுவிக்க வேண்டிய நேரமோ அதுதான். எப்போது விடலாம் என்பதை டிரைவர் எழுதுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே மக்களே, வைவாவுக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்கள். ட்ராஃபிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டர்ஃபேஸை 1000 முறை ஏற்றி இறக்குங்கள். முன்னும் பின்னும் மெமரியைப் பாருங்கள். கடைசியில் மாட்யூலையும் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் மெஷின் நின்றால் நீங்கள் எழுதியது டிரைவர். இல்லையென்றால் அது வெறும் பிங் டெமோதான் :-)