வெள்ளந்தி நடையாம்... எந்த வாக்கியத்தில்?

ஒரு புத்தகத்தின் மொழியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் நம் விமர்சகர்கள் கையில் எடுக்கிற சொற்கள் மொத்தம் ஒரு டஜன் தேறும். எளிய நடை. சரளமான நடை. மண்மணம் கமழும் மொழி. வட்டார வழக்கு. ரத்தமும் சதையுமான எழுத்து. எழுதியவர் கூலி வேலை செய்பவராகவோ அகதியாகவோ இருந்துவிட்டால் கூடுதலாக ஒன்று: வெள்ளந்தியான நடை.

இதில் ஏதாவது ஒன்று, அந்த எழுத்தாளர் எந்தச் சொல்லைப் போட்டார், எதை விட்டார், அதனால் வாக்கியத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறதா? இல்லை. எழுதியவர் எந்த ஊர், எந்தச் சாதி, எவ்வளவு படித்தவர் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறது. நடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆளைப் பற்றிப் பேசுகிறோம். இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை.

நான் சமையல்கட்டில் வேலை பார்ப்பவன். சாப்பிட்டவர் 'நல்லா இருக்கு' என்றால் சந்தோஷம்தான், ஆனால் மாஸ்டருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. 'உப்பு கம்மி', 'புளி தூக்கல்', 'மசாலா பச்சை வாசனை அடிக்குது' என்றால் அடுத்த சட்டியில் சரி செய்யலாம். 'கிராமத்து ஆள் வைத்த குழம்பு மாதிரி இருக்கே' என்று ஒருத்தர் சொன்னால் அது பாராட்டோ திட்டோ, குழம்பைப் பற்றிய பேச்சே இல்லை. நம் இலக்கிய விமர்சனத்தில் முக்கால்வாசி இந்த மூன்றாவது ரகம்.

இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுச் சண்டையைப் பற்றி ஈழத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் உழைக்கிற குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள் அப்போது கதை எழுத ஆரம்பித்திருந்தார்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூனில் முடி திருத்திக்கொண்டே எழுதியவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வந்தது, சாகித்திய மண்டலப் பரிசும் வாங்கியது. பின்னால் 1972இல் 'பஞ்சமர்' நாவலைக் கொடுத்த கே. டானியலும் அந்த வரிசையில் வந்தவர்தான். இவர்களுடைய பாத்திரங்கள் வீட்டில் பேசுகிற தமிழையே கதையிலும் பேசின.

பண்டிதர் பக்கத்திலிருந்து இதற்கு வந்த விமர்சனச் சொல் என்ன தெரியுமா? 'இழிசனர் வழக்கு'. அந்த எழுத்துக்குப் பெயர் 'இழிசனர் இலக்கியம்'.

இழிசினன் என்ற சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது. அங்கே அது கட்டில் பின்னுகிறவனையும், துடி அடிக்கிறவனோடு சேர்த்துக் கோல் பிடிக்கிறவனையும் குறிக்கிறது. அதாவது ஆளுக்கு வைத்த பெயர். அந்தப் பெயரைத் தூக்கி வாக்கியத்தின் மேல் ஒட்டி, இது மொழி ஆராய்ச்சி என்றார்கள். 'இந்த இடத்தில் இந்தச் சொல் பொருந்தவில்லை' என்றா சொன்னார்கள்? 'இந்தச் சொல்லைப் பேசுகிறவன் புத்தகத்துக்குள் வரக்கூடாது' என்றார்கள்.

நிற்க. எதிர்ப்பக்கம் என்ன பதில் சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற கோஷங்களை முன்வைத்தது. அரசியலில் அவர்கள் பக்கம்தான் நியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அவர்கள் சண்டை போடாவிட்டால் என்னைப் போன்றவன் பேனா எடுத்திருக்கவே முடியாது. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். 'இழி' என்றவனுக்கு 'மண்' என்று பதில். இரண்டுமே எழுதியவன் எங்கிருந்து வந்தான் என்பதைத்தான் சொல்கின்றன. ஒன்று அதற்காக முகம் சுளித்தது, மற்றது அதற்காகக் கட்டிப்பிடித்தது. அவன் சொல்லை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்ற கேள்வி நடுவில் அநாதையாக நின்றது. இன்றைக்கு 'இழிசனர்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'மண்வாசனை' மட்டும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பல பேர் வாயில் அது முன்னதன் மரியாதையான வடிவம், அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பண்டிதர்கள் தடியாகப் பிடித்த அதே இலக்கண நூல்களில்தான் நடையைப் பற்றி ஒழுங்காகப் பேசுவதற்கான சொற்கள் கிடக்கின்றன.

தொல்காப்பியம் செய்யுளியலில் எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்றுக்குப் பெயர் 'புலன்'. சேரிமொழியில், அதாவது குடியிருப்பில் புழங்குகிற பேச்சில், தோண்டித் துருவ வேண்டிய அவசியம் இல்லாமல் பொருள் விளங்கச் செய்வது. பேச்சு மொழியில் எழுதுவதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் அது. வனப்பு என்றால் அழகு! இதைப் படித்தவர்கள்தான் இழிசனர் வழக்கு என்று எழுதினார்கள்.

நன்னூல் சூத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கிற விதத்துக்கு நான்கு பெயர் சொல்கிறது. ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆறு போல ஒன்றையொன்று தொட்டு ஓடுவது, சிங்கம் போல முன்னும் பின்னும் பார்ப்பது, தவளை போல நடுவில் விட்டுத் தாவுவது, பருந்து போல ஒரே பாய்ச்சலில் வந்து தூக்கிக்கொண்டு போவது. இவை இலக்கண நூலுக்குச் சொன்னவை, கதைக்கு அல்ல என்பீர்கள். சரி. ஆனால் புதுமைப்பித்தன் தன் நடை தாவித் தாவிப் போவது என்று தானே சொன்னபோது அது தவளைப்பாய்த்துக்குப் பக்கத்தில்தானே வருகிறது? அது ஆளைப் பற்றிய பேச்சா? இல்லை, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றிய பேச்சு. நாம் என்ன செய்தோம்? நாலில் மூன்றை மறந்துவிட்டு, ஆற்றொழுக்கை மட்டும் எடுத்து 'தடையில்லாமல் படிக்கலாம்' என்பதற்கு முத்திரையாக்கி எல்லாப் புத்தகத்தின் மேலும் குத்திவிட்டோம்.

தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் என்று இரண்டு நெறி சொல்கிறது. இவையும் ஊர்ப் பெயரால் வந்தவைதான். ஆனால் அது ஊர்ப் பெயரோடு நின்றுவிடவில்லை. செறிவு, தெளிவு, சமநிலை, ஒழுகிசை, வலி என்று பத்துக் குணங்களைப் பிரித்துக் காட்டுகிறது. சமநிலை என்றால் வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றும் கலந்து வருவது. வலி என்றால் தொகைச் சொற்கள் மிகுந்து இறுகி வருவது. இவை இருக்கிறதா இல்லையா என்று வரியைக் காட்டிச் சரிபார்க்கலாம். 'மண்மணம்' இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

ஒரே முத்திரை என்ன கெடுதல் செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். பர்மாவைக் களமாக வைத்து 'மா-னீ' எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. இரண்டையும் வட்டார நாவல் என்று ஒரே அலமாரியில் வைப்பார்கள். 'புத்தம் வீடு' நாவலில் பாத்திரங்கள் குமரித் தமிழ் பேசுகின்றன, கதை சொல்கிற குரலோ அமைதியான எழுத்துத் தமிழ். கி.ரா.விடம் கதை சொல்கிறவரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு வேறு முடிவுகள். ஒருவர் கதை சொல்பவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார், மற்றவர் அந்தக் கோட்டை அழித்தார். 'வட்டார வழக்கு' என்ற சொல் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பற்றி நான் எழுதிய நினைவுக் கட்டுரை ஒன்றை ஓர் இதழ் வெளியிட்டது. அதில் 'ஙப்பி' என்று எழுதியிருந்தேன். மீனையோ இறாலையோ உப்புப் போட்டு நொதிக்க வைத்து இடித்த விழுது. பர்மாக்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. அச்சில் வந்தபோது அது 'மீன் விழுது' ஆகியிருந்தது. காரணம் கேட்டேன். ங எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காதாம்.

தொடங்காதுதான். ட் என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் முடியவும் செய்யாது. அப்படிப் பார்த்தால் நான் பிறந்த பேட்டையின் பெயரையே எழுத முடியாது. வேறு ஊரில் பிறந்து தொலைத்திருக்க வேண்டும் போல!

மீன் விழுது என்றால் ஒரு பண்டம். ஙப்பி என்றால் பக்கத்து வீட்டு வாசனை, சில வீடுகள் ஜன்னலைச் சாத்துகிற வாசனை, சம்பளம் வராத மாசக் கடைசியில் சோற்றுக்கு மிச்சம் இருக்கிற ஒரே துணை. அந்த இடத்தில் மூன்று சொல் போட்டுப் பார்த்து அதை வைத்தேன். கட்டுரைக்கு மேலே ஓர் அறிமுகக் குறிப்பும் இருந்தது. முறையாகத் தமிழ் படிக்காதவருடைய வெள்ளந்தியான நடை என்ற மாதிரி.

முறையாகப் படிக்கவில்லை என்பது உண்மை. 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு பர்மாவில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், 2000இல்தான் திறந்தார்கள். அதற்குள் வீட்டு நிலைமை மாறிவிட்டது. ஆனால் அது என் வரலாறு, என் வாக்கியத்தின் குணம் இல்லை. வெள்ளந்தி என்றால் சூதுவாது தெரியாதவன். சொல்லைத் தேர்ந்தெடுக்கிறவனுக்குச் சூது தெரியாமல் முடியுமா? படித்தவன் போட்டால் அது சொற்றேர்வு, நான் போட்டால் அது தானாக வந்து விழுந்தது! இந்தப் பாராட்டுக்குள் இருக்கிற அவமானம் இதுதான்.

'அன்பாகத்தானே சொல்கிறார்கள், ஏன் கோபம்?' என்று கேட்பீர்கள். அன்பு இருக்கட்டும். அந்த அன்பு ஒரு சொல்லைக்கூட நிறுத்திப் பார்க்கவில்லையே. நிறுத்திப் பார்த்து 'இந்த ஙப்பி இங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது' என்று திட்டியிருந்தால் கை குலுக்கியிருப்பேன்.

'வாசகனுக்குப் புரிய வேண்டாமா?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மரபு பேசியவர்களிடமும் இந்தப் பயம் இருந்தது. ஆளுக்கொரு பேச்சில் எழுதினால் யாழ்ப்பாணத்தானும் மதுரைக்காரனும் ஒருவரை ஒருவர் படிக்க முடியாது என்ற பயம். ஆனால் கி.ரா. தன் கரிசல் சொற்களை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்குச் சொல் அகராதியே தொகுத்துக் கொடுத்தார். வாசகனும் முட்டாள் இல்லை. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுச் சென்னைக்குப் போனவர்கள் தெருவில் அத்தோ விற்றார்கள். அதை யாராவது 'கலவை நூடுல்ஸ்' என்று மாற்றினார்களா? சாப்பிட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று அது சென்னைச் சொல். தொல்காப்பியமே திசைச்சொல் என்று ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறது. அதைப் பூட்டுவதற்கு நீங்கள் யார்?

ஆகவே விமர்சக அண்ணன்மாரே, அக்காமாரே, புதிய கலைச்சொல் அகராதி எதுவும் வேண்டாம். 'எளிய', 'மண்', 'வெள்ளந்தி' மூன்றையும் ஒரு வருஷம் கீழே வையுங்கள். ஒரு வாக்கியத்தை எடுங்கள். அதில் ஒரு சொல்லைக் காட்டி, இதற்குப் பதில் வேறு என்ன வந்திருக்கலாம், வந்திருந்தால் என்ன இழப்பு என்று எழுதுங்கள். செறிவா, வலியா, வெற்றெனத் தொடுத்தலா, மற்றொன்று விரித்தலா என்று பெயர் சொல்லுங்கள். குற்றம் என்றால் குற்றம் என்றே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வோம். எங்களுக்கும் சொல் தேர்ந்தெடுக்கத் தெரியும் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம்.